மொத்தமாக வாங்குவதா, அவ்வப்போது வாங்குவதா: எந்தச் சாமானுக்கு எது கட்டுப்படியாகும்?

மொத்தமாக வாங்கினால் மிச்சமாகும் என்று சொல்பவர்களும் சரி, வாங்கி வைத்தால் வண்டுக்கும் பூஞ்சைக்கும்தான் போகும் என்று சொல்பவர்களும் சரி, இரு தரப்பும் சொல்வது உண்மைதான். ஒருவர் சர்க்கரையை நினைத்துப் பேசுகிறார், இன்னொருவர் மாவை நினைத்துப் பேசுகிறார். ஒருவர் வீட்டில் ஆறு பேர் சாப்பிடுகிறார்கள், இன்னொருவர் தனியாக இருக்கிறார். அதனால் ‘எங்கள் வீட்டுக்கு மொத்தமாக வாங்குவது ஒத்துவருமா?’ என்று ஒரே கேள்வியாகக் கேட்டால் பதில் கிடைக்காது. எந்தச் சாமானை, எந்த அளவில், எந்த வழியில் என்று பிரித்துக் கேட்டால் கிடைக்கும்.

அதற்கு முன்னால் ஒரு விஷயம். பெரிய அளவில் வாங்குகிறவருக்குக் கடைக்காரர் ஏன் விலையைக் குறைக்கிறார்? பொட்டலம் கட்டுவது, அலமாரியில் அடுக்குவது, பில் போடுவது ஆகிய வேலைகள் 1 கிலோ பாக்கெட்டுக்கும் 10 கிலோ மூட்டைக்கும் பெரிதாக வேறுபடுவதில்லை. அது ஒரு காரணம். இன்னொன்று, சரக்கு அவர் கிடங்கைவிட்டுச் சீக்கிரம் வெளியேறுகிறது. அதன்பிறகு அது இருக்கும் இடம் உங்களுடையது, அதில் முடங்கிய பணம் உங்களுடையது, கெட்டுப்போனால் நட்டமும் உங்களுடையது. அந்தத் தள்ளுபடியில் ஒரு பகுதி, நீங்கள் கிடங்கு வைத்துப் பராமரிப்பதற்கான கூலி. அந்த வேலையை உங்கள் வீடு தள்ளுபடியைவிடக் குறைந்த செலவில் செய்து முடிக்கும் என்றால் வாங்கலாம். இல்லையென்றால் கடைக்காரரே வைத்திருக்கட்டும். கீழே ஒவ்வொரு சாமானையும் ஒவ்வொரு வழியையும் நான் எடைபோடுவது இந்த அளவுகோலை வைத்துத்தான்.

பெரிய பாக்கெட் என்றால் மலிவு என்று அர்த்தமில்லை

முதலில் பார்க்க வேண்டியது அலகு விலை. விலையை அளவால் வகுத்தால் வருவது: கிலோவுக்கு எவ்வளவு, லிட்டருக்கு எவ்வளவு. பல நாடுகளில் இதை விலைச் சீட்டிலோ பாக்கெட்டிலோ போட்டாக வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. ஆனால் பொடி எழுத்தில் இருக்கும். ஒரு சீட்டில் 100 கிராமுக்கு என்றும், பக்கத்துச் சீட்டில் கிலோவுக்கு என்றும் இருக்கும். கைபேசியில் கணக்குப் போட அரை நிமிடம் ஆகும், அதை நீங்களே போட்டுவிடுவது நல்லது.

ஒரு கற்பனைக் கணக்கு. 5 லிட்டர் எண்ணெய்க் கேனின் விலை 640, 1 லிட்டர் பாக்கெட்டின் விலை 130 என்று வைத்துக்கொள்வோம். கேனில் லிட்டருக்கு 128 விழுகிறது. கேன்தான் மலிவு என்று தோன்றும். ஆனால் அதே வாரம் 1 லிட்டர் பாக்கெட்டுக்கு 15 விழுக்காடு சலுகை இருந்தால் லிட்டர் 110.50தான். கனமான கேனைத் தூக்கி வந்து, அதைத் திறந்து வைத்து நான்கைந்து மாதம் பயன்படுத்துவதைவிட, மூடிய ஐந்து சிறு பாக்கெட்டுகள் எல்லா வகையிலும் மேல். விலையும் குறைவு, ஒன்றைத் திறக்கும்போது மற்ற நான்கும் காற்றுப் படாமல் இருக்கின்றன. ‘குடும்பப் பாக்கெட்’ என்று பெரிதாக எழுதியிருப்பதே மலிவுக்கு அத்தாட்சி ஆகாது. நடுத்தர அளவைவிடப் பெரிய அளவில் அலகு விலை கூடுதலாக இருப்பதும் உண்டு.

எந்த அலகால் வகுக்கிறோம் என்பதும் முக்கியம். துணி துவைக்கும் திரவத்தை லிட்டருக்கு எவ்வளவு என்று பார்த்தால் ஏமாந்துபோவோம். அடர்த்தியான திரவம் ஒரு துவைப்புக்குக் கொஞ்சம்தான் வேண்டும். அங்கே பார்க்க வேண்டியது ஒரு துவைப்புக்கு ஆகும் செலவு. டாய்லெட் பேப்பரில் ரோல்களின் எண்ணிக்கையை விட்டுவிட்டுத் தாள்களின் எண்ணிக்கையையும் தாளின் அளவையும் பாருங்கள். அப்புறம், விலையை ஏற்றாமல் உள்ளே எடையைக் குறைக்கும் பழக்கம் உற்பத்தியாளர்களிடம் இருக்கிறது. பாக்கெட் பார்வைக்கு அப்படியே இருக்கும், 500 கிராம் 450 ஆகியிருக்கும். அடிக்கடி வாங்கும் பத்துப் பதினைந்து சாமான்களின் அலகு விலையை ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டால் இது உடனே கண்ணில் படும். எது உண்மையான சலுகை என்பதும் அந்த நோட்டில்தான் தெரியும்.

தள்ளுபடியைத் தின்றுவிடும் இரண்டு விஷயங்கள்

ஒன்று, வீணாவது. 10 விழுக்காடு தள்ளுபடியில் வாங்கிய சாமானில் 10 விழுக்காட்டைத் தூக்கிப் போட்டால் மிச்சம் சரியாகப் பூஜ்யம். 1 கிலோ 100 என்றால், 10 கிலோ மூட்டை 900க்குக் கிடைக்கிறது. அதில் 9 கிலோதான் பயன்பட்டது என்றால் கிலோ மறுபடி 100 ஆகிவிட்டது. 20 விழுக்காடு தள்ளுபடி என்றால் 20 விழுக்காடு வீணாகும் வரை தாங்கும். தள்ளுபடி எத்தனை விழுக்காடோ அத்தனை விழுக்காடு வீணானால் அசலுக்கே வந்து நிற்கிறோம், அதைத் தாண்டினால் கைக்காசு போகிறது. ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2024இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022இல் உலகம் முழுக்க 105 கோடி டன் உணவு வீணாகியிருக்கிறது. அதில் 63.1 கோடி டன் வீடுகளில் வீணானது. ஆளுக்கு ஆண்டுக்கு 79 கிலோ. சமைத்ததும் சமைக்காததும், தோலும் கொட்டையும் எல்லாம் சேர்ந்த கணக்கு இது. இருந்தாலும் வீணாவதைச் சின்ன விஷயமாக நினைத்துத் தள்ளுபடிக் கணக்கிலிருந்து விட்டுவிட முடியாது என்பதற்கு இந்த எண் போதும்.

இரண்டாவது, அதிகமாகச் செலவழிவது. இது குப்பைத்தொட்டியில் தெரியாது, அதனால் பலருக்கும் கணக்கில் வருவதில்லை. டப்பா நிறைய இருக்கும்போது கை தாராளமாகிறது. குசும் ஐலவாடி, ஸ்காட் நெஸ்லின் என்ற இரு சந்தையியல் ஆய்வாளர்கள் 1998இல் தயிரையும் கெட்சப்பையும் எடுத்துக்கொண்டு இதை ஆராய்ந்தார்கள். வீட்டில் இருப்புக் கூடினால் தயிர் வேகமாகத் தீர்ந்தது. கெட்சப்பில் அந்த அளவுக்கு இல்லை. இதிலிருந்து வீட்டுக்கு எடுத்துக்கொள்ள ஒரு பாடம் இருக்கிறது. உப்பு இருபது கிலோ இருந்தாலும் யாரும் குழம்பில் கூட்டிப் போடமாட்டார்கள். டாய்லெட் பேப்பரும் அப்படித்தான். ஆனால் பிஸ்கட், சிப்ஸ், சாக்லேட், பழச்சாறு, வறுத்த முந்திரி, பாதாம் போன்றவை கண்ணில் பட்டாலே குறையும். 10 விழுக்காடு தள்ளுபடியில் வாங்கி, வழக்கத்தைவிட 11 விழுக்காடு கூடுதலாகத் தின்று தீர்த்தால் மாதச் செலவு பழைய இடத்துக்கே வந்துவிடும். நொறுக்குத் தீனியை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் சின்ன பாக்கெட்டில் வாங்குவதுதான் சரி என்பது என் முடிவு. இதில் விதிவிலக்கு வேண்டாம்.

எதை வாங்கி வைக்கலாம்

சர்க்கரையும் உப்பும் ஈரம் படாமல் இருந்தால் கெடவே கெடாது. கட்டிதட்டினாலும் உடைத்துப் பயன்படுத்தலாம். ஆனால் இரண்டும் விலை குறைந்த சாமான்கள், வருடத்துக்கு வாங்கி வைத்தாலும் மொத்தச் செலவில் பெரிய மாற்றம் வராது. இங்கே ஒரு கணக்கைக் கவனிக்க வேண்டும். மாதச் செலவில் 2 விழுக்காடு பிடிக்கும் சாமானில் 25 விழுக்காடு தள்ளுபடி கிடைத்தால் மொத்தச் செலவில் அரை விழுக்காடுதான் குறையும். 30 விழுக்காடு பிடிக்கும் சாமான்களில் 8 விழுக்காடு தள்ளுபடி என்றால் 2.4 விழுக்காடு குறையும். கண்ணைப் பறிக்கும் தள்ளுபடியைத் தேடிப் போவதைவிட, பில்லில் பெரிய தொகை எதுவோ அதில் சிறு தள்ளுபடியைத் தேடுவது மேல்.

பெரும்பாலான வீடுகளில் அந்தப் பெரிய தொகை தானியம், மாவு, எண்ணெய், பருப்பு வகைகளில் இருக்கும். தானியத்திலிருந்து தொடங்குவோம். தீட்டிய வெள்ளை அரிசி உலர்வாக, மூடி வைத்தால் வருடக்கணக்கில் இருக்கும். தவிடு நீக்காத பழுப்பு அரிசி அப்படியல்ல. தவிட்டில் எண்ணெய் இருக்கிறது, அது காற்றுப் பட்டு மெல்லச் சிக்கு வாடை அடிக்கத் தொடங்கும். ஏறத்தாழ ஆறு மாதம் என்று வைத்துக்கொள்ளலாம், வெப்பமான இடத்தில் இன்னும் குறைவு. முழு கோதுமை மாவுக்கும் இதே சிக்கல்தான். முளைப்பகுதியோடு அரைத்த மாவில் எண்ணெய் எல்லாப் பக்கமும் காற்றுக்குத் திறந்து கிடக்கிறது. முழு தானியமாக இருக்கும் வரை உமியும் தோலும் அதைக் காக்கின்றன. அதனால் தானியத்தை மூட்டையாக வாங்கலாம், அதே தானியத்தின் முழு மாவை இரண்டு மாதத்துக்கு மேல் வாங்கி வைக்க நான் சொல்லமாட்டேன்.

வண்டு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. அரிசி வண்டின் பெண் பூச்சி, தானியமணியில் சிறு துளையிட்டு உள்ளே முட்டை வைத்து, வாயைப் பசைபோன்ற ஒன்றால் அடைத்துவிடுகிறது. புழு மணிக்குள்ளேயே தின்று வளர்கிறது. வெதுவெதுப்பான இடத்தில் ஒரு மாதம் போல ஆனதும் வண்டாக வெளியே வருகிறது. அதாவது மூட்டையை வாங்கும்போது அரிசி பார்க்கச் சுத்தமாக இருக்கும், முட்டை உள்ளேயே இருந்திருக்கலாம். டப்பாவை எவ்வளவு இறுக்கி மூடினாலும் ஏற்கெனவே உள்ளே இருப்பது வளரத்தான் செய்யும். உறைபெட்டி இருக்கிறவர்கள் இதைச் சுலபமாகத் தடுக்கலாம். வாங்கி வந்ததை 2, 3 கிலோ பைகளாகப் பிரித்து, காற்றுப் புகாமல் கட்டி, மைனஸ் 18 டிகிரி செல்சியஸில் நான்கு நாள் வைத்தால் முட்டையும் புழுவும் செத்துவிடும். வெளியே எடுத்ததும் பையைத் திறக்கக் கூடாது. அறையின் சூட்டுக்கு வரும் வரை அப்படியே விட வேண்டும். குளிர்ந்த தானியத்தின்மேல் காற்றின் ஈரம் படிந்தால் வண்டுக்குப் பதில் பூஞ்சை வந்து சேரும். வெளிப்புறத்தில் வியர்த்த ஈரத்தைத் துடைத்துவிட்டு, உலர்ந்த டப்பாவில் கொட்டி, மேலே தேதி எழுதிய துண்டுச் சீட்டை ஒட்டுங்கள். புதிய மூட்டையைப் பழைய அரிசியின் மேலேயே கொட்டுவதுதான் பல வீடுகளில் வண்டு நிரந்தரமாகக் குடியிருப்பதற்குக் காரணம். பழையதைத் தீர்த்து, டப்பாவைக் கழுவி, நன்றாகக் காயவைத்த பிறகே புதியது.

பருப்பு, பயறு, அவரை வகைகள் பல வருடம் கெடாமல் இருக்கும், சாப்பிடவும் பாதுகாப்பானவை. ஆனால் பழசாக ஆக, குறிப்பாகச் சூடும் ஈரமும் உள்ள இடத்தில், வேகாமல் அடம்பிடிக்கும். எவ்வளவு ஊறவைத்தாலும் நடுவில் கடிபடும். கூடுதலாக எரியும் எரிபொருளும் செலவுதான். ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரைக்கும் வாங்கி வைக்கலாம், அதற்கு மேல் போக வேண்டியதில்லை.

எண்ணெயில் கவனம் வேண்டும். வெளிச்சம், சூடு, காற்று ஆகிய மூன்றும் அதன் எதிரிகள். மூடிய பாக்கெட்டில் பல மாதம் தாங்கும் எண்ணெய், திறந்து அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தால் சீக்கிரம் சிக்குப் பிடிக்கும். மூக்குக்கு அது பழைய பெயின்ட் வாடை மாதிரித் தெரியும். ஆகவே எண்ணெயை நிறைய வாங்கலாம், பெரிய பாத்திரத்தில் மட்டும் வாங்க வேண்டாம். முந்திரி, பாதாம், வேர்க்கடலை, எள் எல்லாம் எண்ணெய் நிறைந்தவை, அவற்றுக்கும் இதே விதி. குளிர்சாதனப் பெட்டியில் இடம் இருந்தால் கொஞ்சம் கூடுதலாக வாங்கலாம். பூஞ்சை பிடித்த கடலையை மட்டும் பொறுக்கி எடுத்துவிட்டு மீதியைச் சமைப்பது கூடவே கூடாது. அதில் உருவாகக்கூடிய அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு சாதாரணச் சமையல் சூட்டில் அழியாது. தள்ளுபடியில் வாங்கியது என்பதற்காக மனசு கேட்காமல் அதை வைத்துக்கொள்ள வேண்டாம், மொத்தமாகக் கொட்டிவிடுங்கள்.

மசாலாப் பொருள்களை முழுசாக வாங்கினால் ஒரு வருடமும் தாண்டும். பொடியாக வாங்கினால் சில மாதத்தில் மணம் போய்விடும். மணம் தருவது ஆவியாகிப் போகும் எண்ணெய்கள், பொடித்தவுடன் அவை வெளியேறத் தொடங்குகின்றன. கெட்டுப்போகாது, ஆனால் ஒரு கரண்டி போட்ட இடத்தில் இரண்டு கரண்டி போட வேண்டிவரும். காபித் தூளும் அப்படியே.

சோப்பு, துணி சோப்புத்தூள், பாத்திரம் கழுவும் சோப்பு, டாய்லெட் பேப்பர், குப்பைப் பை ஆகியவைதான் மொத்தமாக வாங்க மிகப் பொருத்தமான சாமான்கள். பூச்சி வராது, சீக்கிரம் கெடாது, பயன்பாடும் பெரிதாகக் கூடாது. இடம் மட்டும்தான் கேள்வி. ஒரே விதிவிலக்கு பிளீச் திரவம். அது மூடி வைத்திருந்தாலும் மாதங்கள் போகப்போக வீரியம் இழக்கும்.

காய்கறி, பழம், பால் பொருள்களை மொத்தமாக வாங்குவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அந்த வாரமே சமைத்து முடிக்கவோ உறையவைக்கவோ திட்டம் இருந்தால் வாங்கலாம். உறைபெட்டி நிறைந்திருந்து கதவைத் திறக்காமல் விட்டால் மின்சாரம் போனாலும் சுமார் 48 மணி நேரம் குளிர் தாங்கும். பாதிதான் நிறைந்திருக்கிறது என்றால் சுமார் 24 மணி நேரம். மின்வெட்டு நீளும் இடத்தில் இருப்பவர்கள் உறைபெட்டியை நம்பி இறைச்சியும் மீனும் வாங்கிக் குவிக்கும் முன் இதை யோசிக்க வேண்டும்.

பாக்கெட்டில் அச்சிட்ட தேதியையும் சரியாகப் படிக்க வேண்டும். ‘இந்தத் தேதிக்குள் பயன்படுத்துவது சிறந்தது’ என்றால் அது தரத்தைப் பற்றிய பேச்சு, தேதி தாண்டியதும் பொருள் விஷமாகிவிடாது. ‘இந்தத் தேதிக்குள் பயன்படுத்தவும்’ என்று கண்டிப்பாக இருந்தால் அது பாதுகாப்பு பற்றியது. முதல் வகைத் தேதி நெருங்கிய உலர்பொருள்களைப் பாதி விலைக்குத் தருகிறார்கள் என்றால், சீக்கிரம் தீரக்கூடியதாக இருந்தால், தாராளமாக வாங்கலாம்.

எந்த வழியில் வாங்குவது

வழக்கமான கடையில் பெரிய பாக்கெட், சலுகை வரும்போது சேர்த்து வாங்குவது, உறுப்பினர் கட்டணம் கட்டும் மொத்த விற்பனைக் கடை, நாலைந்து வீடுகள் சேர்ந்து வாங்கிப் பிரிப்பது, கொட்டி வைத்த சரக்கில் வேண்டிய எடை மட்டும் வாங்குவது, மாதாமாதம் வீட்டுக்கே வரும்படி ஆன்லைனில் பதிந்துவைப்பது. பெரும்பாலானவர்களுக்கு முன்னால் இருக்கும் வழிகள் இவைதான்.

இவற்றில் சலுகை பார்த்துச் சேர்த்து வாங்குவதைத்தான் நான் முதலிடத்தில் வைப்பேன். பாக்கெட் சிறியதாக இருக்கிறது, விலை மொத்த விலைக்கு ஈடாகவோ அதற்குக் கீழாகவோ வருகிறது, வேறு கடைக்கு அலைய வேண்டியதில்லை. பல சாமான்களுக்குச் சில வாரங்களுக்கு ஒருமுறை சலுகை திரும்ப வரும். முன்பு சொன்ன நோட்டு இருந்தால் அந்த இடைவெளி தெரிந்துவிடும். அடுத்த சலுகை வரும் வரைக்கும் போதுமானதை வாங்கினால் போதும், அதற்கு மேல் வாங்குவதில் லாபமில்லை. இதற்குப் பொறுமை வேண்டும், அதுதான் இதன் விலை. சலுகை என்பதற்காகவே வீட்டில் யாரும் தொடாத ஒன்றை வாங்கிவிடும் ஆபத்தும் இருக்கிறது. நோட்டில் இல்லாத சாமானுக்குச் சலுகையே இல்லை என்று வைத்துக்கொள்வது உதவும்.

உறுப்பினர் கட்டணக் கடைக்குக் கணக்கு வேறு. ஆண்டுக் கட்டணம் 1,200, உங்களுக்கு அங்கே சராசரியாகக் கிடைக்கும் மிச்சம் 8 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். வேறு இடத்தில் 15,000 ஆகக்கூடிய சாமானை அங்கே வாங்கினால்தான் கட்டணமே தேறும். அதற்கு மேல் வாங்குவதில்தான் லாபம் தொடங்குகிறது. பெரிய குடும்பத்துக்கு இது எளிதில் தாண்டக்கூடிய கோடு. இரண்டு பேர் உள்ள வீட்டுக்குக் கணக்கு உதைக்கலாம். போக்குவரத்துச் செலவையும் சேர்க்க வேண்டும். அப்புறம், அங்கே பட்டியலில் இல்லாத பெரிய பெட்டிகள் வண்டியில் ஏறிக்கொள்வது சகஜம். ஏற்கெனவே கட்டணம் கட்டியாயிற்றே என்ற நினைப்பு அதைத் தூண்டும். கட்டிய பணம் கட்டியதுதான், அதைத் தேற்றுவதற்காக வேண்டாததை வாங்குவது இரண்டாவது செலவு.

சேர்ந்து வாங்கிப் பிரித்துக்கொள்வது பழைய வழி, என் மனசுக்கு மிகவும் பிடித்த வழியும்கூட. 1844இல் இங்கிலாந்தின் ரோச்டேல் நகரில் நெசவாளர்கள் உள்ளிட்ட 28 பேர் ஆளுக்குக் கொஞ்சம் முதல் போட்டு, மாவு, வெண்ணெய், சர்க்கரை, ஓட்ஸ் மாவு போன்ற ஒருசில சாமான்களோடு ஒரு கடை தொடங்கினார்கள். இன்றைய நுகர்வோர் கூட்டுறவுக்கு அதுதான் முன்மாதிரி. கலப்படமில்லாத சாமானைச் சரியான எடையில் நியாய விலைக்குப் பெறுவது அவர்கள் நோக்கம். நமக்குக் கடை தொடங்கத் தேவையில்லை. நான்கு வீடுகள் சேர்ந்து ஒரு மூட்டை வாங்கிப் பிரித்துக்கொண்டால் மூட்டை விலையும் கிடைக்கிறது, கிடங்கு வேலையும் நாலாகப் பிரிகிறது. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு மாத இருப்புக்கு மேல் இருக்காது. இடமும் முதலும் இல்லாதவர்களுக்கு இதைவிடச் சிறந்தது இல்லை. ஆனால் இது நடப்பதற்குச் சில ஒழுங்குகள் வேண்டும். பணம் முன்கூட்டியே வந்துவிட வேண்டும். பிரிப்பது எல்லார் முன்னிலையிலும் தராசில் நடக்க வேண்டும். வாங்கிவரும் வேலை முறைவைத்து மாற வேண்டும். ஒருவரே ஓயாமல் தூக்கிச் சுமந்தால் சில மாதங்களில் அந்த ஏற்பாடு முறிந்துவிடும். எந்த ரகம் என்பதில் ஒத்துப்போகும் இரண்டு மூன்று சாமான்களோடு நிறுத்திக்கொள்வதும் நல்லது.

எடை போட்டு வாங்கும் வழி, அளவு குறைவாக வேண்டியவர்களுக்கு நல்லது. 50 கிராம் மிளகு வேண்டும் என்றால் 50 கிராம்தான். ஆனால் எந்த நாள் வந்த சரக்கு என்று தெரியாது, அலகு விலை பாக்கெட்டைவிடக் கூடுதலாக இருக்கும் இடங்களும் உண்டு. விற்று ஓடுகிற கடையில் வாங்குங்கள். ஆன்லைன் பதிவு வசதிக்காகத்தான், மிச்சத்துக்காக அல்ல. தேவை குறைந்த மாதத்திலும் பெட்டி வந்து நிற்கும், விலை ஏறியதும் கவனத்துக்கு வராமல் போகும்.

எவ்வளவு வாங்குவது, கையில் எவ்வளவு இருக்க வேண்டும்

ஒரே தடவையில் எவ்வளவு வாங்குவது என்பது தொழிற்சாலைகளுக்கும் இருந்த கேள்விதான். ஃபோர்டு ஹாரிஸ் என்ற பொறியாளர் 1913இல் அதற்கு ஒரு சூத்திரம் கொடுத்தார். ஒவ்வொரு தடவையும் வாங்கப் போவதற்கு ஆகும் செலவு, வைத்திருப்பதற்கு ஆகும் செலவு, இரண்டும் சேர்ந்து மிகக் குறைவாக வரும் அளவைக் கண்டுபிடிப்பது அது. வீட்டுக்கு அந்தச் சூத்திரத்தைப் போட்டுப் பார்க்க வேண்டிய அவசியமில்லை, அதிலிருந்து கிடைக்கும் இரண்டு செய்திகள் போதும். நாலு மடங்கு சாமான் தீரும் வீடு ஒரு தடவைக்கு இரண்டு மடங்குதான் வாங்க வேண்டும், நாலு மடங்கு அல்ல. அதேபோல, சரியான அளவைவிட ஒன்றரை மடங்கு வாங்கிவிட்டால் அந்தக் கூட்டுச் செலவு 8 விழுக்காடுதான் கூடும், நான்கு மடங்கு வாங்கினால் அது இரட்டிப்புக்கும் மேலாகிவிடும். கொஞ்சம் கூடிப்போனால் கவலையில்லை. மிகவும் கூடிப்போவதுதான் ஆபத்து.

முதல் கொஞ்சம் இருப்பு தரும் லாபம் மிகப் பெரியது. மாதம் 1 கிலோ செலவாகும் சாமான், சில்லறையில் கிலோ 100, 5 கிலோ பாக்கெட் 450 என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் கூடுதலாக முடங்குவது 350. மாதாமாதம் வாங்க வேண்டிய 100 மிச்சமாகிக்கொண்டே வருவதால் அது 250, 150, 50 என்று குறைகிறது. முதல் நான்கு மாதங்களில் சராசரியாக 200 முடங்கியதற்கு 50 கிடைக்கிறது. எந்தச் சேமிப்புக் கணக்கும் இதைத் தராது. அதுவே 25 கிலோ மூட்டையாக, கிலோவுக்கு இன்னும் 2 குறைகிறது என்று வாங்கினால், இரண்டு வருடத்துக்கு மேல் பணம் முடங்கி, அந்தச் சிறு வித்தியாசத்தை வண்டு ஒரு தடவை வந்தாலே தின்றுவிடும்.

ஆனால் அந்த முதல் 350 எல்லார் கையிலும் இருப்பதில்லை. யெஷிம் ஓர்ஹுன், மைக் பலாஸோலோ இருவரும் 2019இல் வெளியிட்ட ஆய்வில் அமெரிக்கக் குடும்பங்கள் டாய்லெட் பேப்பர் வாங்கும் விதத்தைப் பார்த்தார்கள். வருமானம் குறைந்த வீடுகள் பெரிய பாக்கெட்டையும் சலுகை நேரத்தையும் பயன்படுத்திக்கொள்வது குறைவாக இருந்தது. விலை மலிவான பிராண்டுக்கு மாறி அவர்கள் மிச்சம் பிடித்ததில் பாதி அளவு வரைக்கும் இப்படிக் கைநழுவக்கூடும் என்று கண்டார்கள். கையில் இருப்பவருக்குப் பொருள் மலிவு, இல்லாதவருக்கு விலை கூடுதல் என்பது நியாயமே இல்லை. இதை மாற்ற ஒரு வீட்டுக்கு இருக்கும் வழி, மெதுவாக ஏறுவது. கடன் அட்டையில் வாங்கி வட்டி கட்டினால் தள்ளுபடி முழுக்க வட்டிக்குப் போய்விடும், அது வேண்டாம். ஒரு மாதம் ஒரே ஒரு சாமானில் மட்டும் பெரிய பாக்கெட் வாங்குங்கள், சோப்புத்தூள் போலக் கெடாத ஒன்றாக இருக்கட்டும். அடுத்த மாதம் அதை வாங்க வேண்டியதில்லை அல்லவா, அந்தப் பணத்தை இரண்டாவது சாமானுக்குத் திருப்புங்கள். சில மாதத்தில் நாலைந்து சாமான்களுக்கு இந்தச் சுழற்சி நிலைபெற்றுவிடும், தனியாக முதல் போட வேண்டியிருக்காது.

தனியாக இருப்பவர் மூட்டை வாங்க வேண்டாம். சலுகையில் சிறு பாக்கெட்டுகளும், முடிந்தால் நண்பர்களோடு பங்கும் போதும். மூன்று நான்கு பேர் உள்ள வீட்டுக்குத் தானியம், பருப்பு, எண்ணெய், துப்புரவுச் சாமான்கள் ஆகியவற்றில் இரண்டு மூன்று மாத இருப்பு சரியாக இருக்கும். ஆறு பேருக்கு மேல் இருந்து, உலர்ந்த அறையும் உறைபெட்டியும் இருந்தால் மட்டும் உறுப்பினர் கட்டணக் கடையை யோசிக்கலாம். அடுத்த ஆறு மாதத்தில் வீடு மாறப்போகிறவர்கள் யாராக இருந்தாலும் புதிதாக எதையும் மொத்தமாக வாங்காமல் இருப்பைத் தீர்க்கத் தொடங்க வேண்டும். மூட்டையைத் தூக்கி ஏற்றி இறக்கும் கூலி மிச்சம் பிடித்ததைவிடக் கூடுதலாக வரும்.